உப்பு அடுத்த கூடத்தில்

உப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
உப்பு அடுத்த கூடத்தின் வேலை.
அறுபது மடங்கு அழுத்தம் அங்கே, இரைச்சல் அங்கே,
விருந்தினர்கள் தலைக்கவசம் மாட்டிப்
படம் பிடித்துக்கொள்வதும் அங்கேதான்.
நான் இந்தப் பக்கம்.
உப்பைத் தவிரக் கடலில் இருக்கும் எல்லாம்
என் பொறுப்பு.

சேறு. சளி. நண்டு முட்டை.
நெத்திலிக் கூட்டம் உதிர்த்த செதில்தூள்.
பெயர் வைக்க யாரும் மெனக்கெடாத உயிர்கள்.
வெள்ளைக் குழாய்க்குள் கட்டுக்கட்டாய் இழைகள்,
பார்த்தால் சேமியாதான்.
அதன் சுவரில் இருக்கும் துளை
ஒரு தலைமுடியை நாலாயிரமாய் வகிர்ந்தால்
கிடைக்கும் கீற்று.
நீர் போகும்.
கூடவே உப்பும் போகும், கடவுச்சீட்டு வைத்திருப்பவன் போல.
மற்றவை வாசலோடு சரி.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை
நீரைத் திருப்பி அடிப்போம்.
நனைந்த நாய்போல இழைகள் உதறிக்கொள்ளும்.
எலியேசருக்குச் சிகரெட் நேரம் அது.

மார்ச்சில் கடல் பூத்தது.
அன்டோஃபகாஸ்டாவுக்கு வடக்கே விரிகுடா முழுக்க
செங்கல் கரைத்த நிறம்.
நாற்பது முப்பதாயிற்று. முப்பது பதினைந்து.
எலியேசர் சிகரெட்டை விட்டுவிட்டான்,
பாதி புகைத்த நிலையில், ஒவ்வொரு முறையும்.

மூவாயிரம் மீட்டர் உயரத்துச் செப்புச் சுரங்கத்திலிருந்து
தொலைபேசி:
“தண்ணீர் ஏன் குறைகிறது?”
“கடல் பூத்திருக்கிறது.”
“என்ன பூத்திருக்கிறது?”
“கடல்.”
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

ஃபவுஸ்தோ முத்துக்குளிப்பவன் இல்லை, சிப்பிக்குளிப்பவன்.
விஷம் ஏறிய சிப்பியை எடுக்கக் கூடாதென்று
துறைமுகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.
அவனுடைய ரப்பர் உடை
கொடியில் தலையில்லாத மனிதனாய்த் தொங்கியது.
ஒரே பூ.
அவனுக்கு வேலை இல்லை, எனக்கு இரட்டை ஷிப்ட்.
இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.
வாடகை கட்டியாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

நாலாம் இரவு ஏழாம் வரிசையில்
அடைப்பு எண் மூன்றைத் தாண்டியது.
தாண்டினால் அடுத்த கூடத்தின் சவ்வுகள் சாகும்;
அவற்றின் விலையைச் சொல்லித்தான்
எங்களை வேலைக்கு எடுத்தார்கள்.
நீரை வடித்தோம், காற்றை ஏற்றினோம்,
கண்ணாடிக் குழாய்களில் டார்ச் அடித்துக்
குமிழுக்காகக் காத்திருந்தோம்.
பதினோராவதில் வந்தது:
ஒன்று, சற்றுப் பொறுத்து ஒன்று,
தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல.
மூடியைக் கழற்றிப் பார்த்தால் பத்தாயிரம் கண்.
அறுந்தது ஒன்றே ஒன்று.
ஊசியளவு ஆணியை அதில் இறக்கினேன்.
மிச்சம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது,
யாருக்கும் குறை தெரியாது.
எலியேசர் மட்டும் கையைச் சட்டையில் துடைத்துச்
சிலுவை போட்டுக்கொண்டான். விளையாட்டுக்குத்தான்.

சோதனைத் தாள்களை எறிவதில்லை நான்.
வட்டமாய், நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாய்,
தேதி போட்டு நோட்டில் ஒட்டிவைப்பேன்.
அன்றைய கடல்நீர்த் தாள்
மூன்றே நிமிடத்தில் அடைத்துக்கொண்டது.
அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
ஃபவுஸ்தோ விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்,
மோந்தான், ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.
“தெற்கு முனையிலிருந்து வந்தது. ஐந்து நாள்.”

ஒன்பது நாள் ஆயிற்று.

பத்தாம் காலை தாளில் வெளிறிய தேநீர்க் கறை மட்டும்.
தடை நீங்க ஆய்வகம் இன்னும் வாய் திறக்கவில்லை.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
கொடியிலிருந்து ரப்பர் உடையை எடுத்துக்
கதவருகே மாட்டினேன்.
தோள்மடிப்பில் உப்பு பூத்திருந்தது.
தட்டிவிடவில்லை.
அது என் வேலை இல்லை.